அம்மாவுக்கு அப்புறம் அண்ணனை யார் பார்த்துப்பாங்க?

ஆபீஸ் கேன்டீனில் யாராவது கொஞ்சம் ஏறுமாறாகப் பேசினால் போதும்... ‘‘மச்சி, இவனுக்குக் கீழ்ப்பாக்கத்துல ஒரு பெட் சொல்லி வைங்கடா!’’ என்று ஒரு குரல் வரும். மேஜையே சிரிக்கும். தமிழ் சினிமா காமெடிக்கும் பத்திரிகை ஜோக்குகளுக்கும் அந்த ஒரு ஊர்ப்பெயர் எத்தனையோ தடவை கை கொடுத்திருக்கிறது.

அந்த மேஜையில் ஒருத்தர் மட்டும் சிரிக்காமல் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பார். கவனித்திருக்கிறீர்களா?

அவர் வீட்டில் அந்தப் பெயர் ஜோக் அல்ல. மாதம் ஒருமுறை லீவு போட்டு, கியூவில் நின்று, மாத்திரை வாங்கி வருகிற இடம். அண்ணனுக்கோ, அக்காவுக்கோ, சித்தப்பாவுக்கோ... யாரோ ஒருத்தருக்கு.

‘அப்படி எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?’ என்று கேட்கிறீர்களா? பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் ஒரு பெரிய மனநல சர்வே எடுத்தது. அதன்படி மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய் நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது வருகிறது. உங்கள் ஆபீஸில் ஐந்நூறு பேர் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வீடுகளிலெல்லாம் ஒரு கேள்வி உண்டு. பகலில் யாரும் வாய் விட்டுக் கேட்பதில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு, எல்லோரும் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு அம்மா மெல்லக் கேட்பாள்:

‘‘என் காலத்துக்கு அப்புறம் இவனை யாருடா பார்த்துப்பா?’’

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

நாலு போன்கால்... நாலு பதில்!

நண்பர் ஒருவர் பாங்கில் வேலை பார்க்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ‘நண்பர்’ என்றே வைத்துக்கொள்வோம். வயது முப்பத்தாறு. அப்பா ரயில்வேயில் இருந்து ரிடையராகிக் காலமானவர். அம்மாவுக்கு எழுபத்திரண்டு. அண்ணனுக்கு நாற்பத்தேழு.

அண்ணன் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும்போது மனச்சிதைவு வந்தது. மருந்து கேட்டது, ஆள் ஓரளவு தேறினார். ஆனால், வேலை, கல்யாணம் எதுவும் அமையவில்லை. பத்து வருஷத்துக்கு முன் சர்க்கரை வியாதியும் சேர்ந்துகொண்டது. இப்போது தினம் இரண்டு வேளை இன்சுலின். போன வருஷம் காலில் ஒரு புண், ஆற மறுத்தது.

இருவத்தேழு வருஷமாக அம்மாதான் எல்லாம். நர்ஸ், சமையல்காரி, வாட்ச்மேன், டாக்டரிடம் போக செக்ரெட்டரி... எல்லாமே! ஒருநாள் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டு ஒரு மாதம் படுத்துவிட்டார். அப்போதுதான் நண்பருக்கு நிலைமை உறைத்தது. லிஸ்ட் போட்டுக்கொண்டு போனைக் கையில் எடுத்தார்.

முதல் போன், ஒரு முதியோர் இல்லம்.

‘‘வயசு என்ன ஸார்?’’

‘‘நாற்பத்தேழு.’’

‘‘ஸாரி ஸார், நாங்க அறுபதுக்கு மேலதான் எடுப்போம்.’’

இரண்டாவது போன். இன்னொரு இல்லம். வயதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

‘‘சுகர் இருக்கா? பரவாயில்லை ஸார், நர்ஸ் இருக்காங்க. வேற என்ன மாத்திரை சாப்பிடறார்?’’

நண்பர் பெயரைச் சொன்னார். அந்தப் பக்கம் அஞ்சு செகண்ட் சத்தமே இல்லை.

‘‘அது மெண்டல் மாத்திரை இல்லையா ஸார்? மத்தவங்க பயப்படுவாங்களே...’’

மூன்றாவது, மனநோயாளிகளுக்கான மறுவாழ்வு இல்லம். ‘அப்பாடா’ என்று விஷயத்தைக் கொட்டினார் நண்பர்.

‘‘கால்ல புண்ணுன்னு சொல்றீங்க... இன்சுலின் வேற. எங்ககிட்ட ராத்திரி நர்ஸ் கிடையாது ஸார். உடம்பு சரியானதும் கூட்டிட்டு வாங்களேன்!’’

உடம்புக்காரர்கள் ‘மனசு சரியில்லை’ என்கிறார்கள். மனசுக்காரர்கள் ‘உடம்பு சரியில்லை’ என்கிறார்கள். ஒரே ஆளுக்கு இரண்டும் சரியில்லை என்றால் அவர் எங்கே போவது?

நாலாவது போன்தான் விசேஷம்.

‘‘எடுத்துக்கறோம் ஸார்! நாளைக்கே கொண்டு வந்து விட்டுடுங்க.’’

‘‘முதல்ல ஒரு தடவை வந்து பார்க்கலாமா?’’

‘‘எதுக்கு ஸார் உங்களுக்கு அலைச்சல்? போட்டோ அனுப்பிடறோம். வீட்டு ஆளுங்க அடிக்கடி வந்தா அவங்களுக்கும் ஏக்கம் வந்துடும், பாருங்க...’’

மறுத்த மூன்று இடங்களை விட, உடனே ‘சரி’ சொன்ன இந்த நாலாவது இடம்தான் நண்பரைப் பயமுறுத்தியது. பயந்தது நல்லதாகப் போயிற்று!

ஏன் இரண்டும் சேர்ந்தே வருகிறது?

இது ஏதோ அந்த அண்ணனின் தனிப்பட்ட துரதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களை விடப் பத்து முதல் இருபது வருஷம் முன்பே இறந்துவிடுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோவது மனநோய் அல்ல. இதய நோய், சர்க்கரை, நுரையீரல் கோளாறு என்று தடுக்கக்கூடிய உடல் வியாதிகள்தான்.

காரணங்கள் பல. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் க்ளோஸபின், ஓலன்ஸபின் போன்ற மருந்துகள் மனசை நிறுத்திப் பிடிக்கும். கூடவே எடையையும் சர்க்கரையையும் ஏற்றிவிடக்கூடும். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் தைராய்டையும் சிறுநீரகத்தையும் அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும். க்ளோஸபின் என்றால் வெள்ளை அணுக்களுக்காக ரத்தப் பரிசோதனை கட்டாயம். இதற்கெல்லாம் பயந்து மருந்தை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டரைக் கேட்டுப் பரிசோதனைகளை ஒழுங்காகச் செய்வதுதான் வழி.

இன்னொரு காரணம் இருக்கிறது. ‘நெஞ்சு எரியுது’ என்று நீங்கள் சொன்னால் இ.ஸி.ஜி. எடுப்பார்கள். அதையே மனநோயாளி சொன்னால்? ‘‘அது அவருக்கு அப்படித் தோணும்மா... விடுங்க!’’

பூட்டிய அறையும் ஒரு சங்கிலியும்

நாலாவது போனுக்கு வருவோம். கேள்வி கேட்காமல் ஆளை வாங்கிக்கொள்கிற இடங்கள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறது.

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. விடிவதற்கு முன் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தார்கள். சில நாட்களுக்குள் அங்கிருந்த அத்தனை காப்பகங்களும் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

காப்பகம் நடத்தியவர்களைத் திட்டினோம். சரி. ஆனால், அங்கே தங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்கள் எல்லோரும் கல் நெஞ்சக்காரர்களா? தர்காவின் மேல் இருந்த நம்பிக்கை ஒரு பக்கம். வேறு போக்கிடம் இல்லாதது இன்னொரு பக்கம். வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் வைக்க மாட்டார்கள். மிச்சம் இருந்தது அந்தக் கொட்டகைதான்.

‘அது அந்தக் காலம்’ என்றும் தள்ளிவிட முடியாது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிய அனுமதி இல்லாமல் நடந்த ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். சித்ரவதைப் புகார், ‘அங்கே சேர்த்த ஆளைக் காணோம்’ என்று புகார்... வழக்கு சி.பி.சி.ஐ.டி. வரை போனது.

இடம் கிடைக்காத அவசரத்தில் இருக்கிறவர்களைக் குறிவைத்து இப்படிப்பட்ட இடங்கள் முளைக்கத்தான் செய்யும். அந்த அவசரத்தை வரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது.

சட்டம் நம் பக்கம்தான்... ஆனால்!

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. அதில் 19-வது பிரிவை ஒவ்வொரு தம்பியும் தங்கையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். மனநோய் உள்ளவர் சமூகத்தோடு சேர்ந்து வாழ உரிமை உள்ளவர். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்கிற காரணத்துக்காக மட்டும் அவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கக் கூடாது. பாதி வழி இல்லங்கள், துணையோடு வாழும் வீடுகள் இவற்றையெல்லாம் ஏற்படுத்தித் தருவது அரசின் பொறுப்பு. சங்கிலி? எந்த வடிவத்திலும் கூடாது என்கிறது 95-வது பிரிவு.

படிக்கும்போது தித்திக்கிறது. நிலவரம்? நாடு முழுக்க 43 அரசு மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து 2019-ல் ஓர் அறிக்கை வெளியானது. உள்ளே இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஒரு வருஷத்தைத் தாண்டியும் அங்கேயே இருந்தார்கள். கூட்டிப் போக ஆள் இல்லை; போக வீடும் இல்லை.

சென்னையில் மனநோயாளிகளுக்கென்று ஓர் இடம் 1794-லேயே வந்துவிட்டது. 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. படுக்கை போட்டுக் கொடுக்க நமக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் பழக்கம் இருக்கிறது. வீடு கொடுப்பதைத்தான் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறோம்.

வீடு மாதிரி அல்ல... வீடே!

கற்றுக்கொடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் பல வருஷம் இருந்தவர். மருந்து கொடுத்து அனுப்பினால் மட்டும் போதாது, அதற்கப்புறம்தான் வாழ்க்கை இருக்கிறது என்று 1984-ல் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார். 2021-ல் மறையும்போது அவருக்கு வயது 98.

அடுத்து, வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இருவர். ரோட்டில் ஆதரவில்லாமல் நின்ற ஒரு பெண்ணை எங்கே சேர்ப்பது என்று அலைந்து, எங்கும் இடம் கிடைக்காமல், 1993-ல் தாங்களே ‘தி பேன்யன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அப்போது இருவரும் இருபதுகளில் இருந்தவர்கள். அதாவது, உங்களில் பலருடைய வயது!

காப்பகம் நன்றாகவே நடந்தது. பலர் குணமாகி ஊர் திரும்பினார்கள். ஆனால், திரும்பிப் போக இடமே இல்லாதவர்கள்? அவர்கள் எவ்வளவு நல்ல காப்பகமாக இருந்தாலும் காப்பகத்திலேயே முடங்க வேண்டியதுதானா? அதற்கு அவர்கள் கண்டுபிடித்த விடை ஆச்சரியமான அளவுக்கு எளிமையானது. சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு. நாலைந்து பேர் சேர்ந்து குடியிருப்பார்கள். துணைக்கு ஒரு பணியாளர். எத்தனை மணிக்கு எழுந்திருப்பது, என்ன குழம்பு வைப்பது, எந்த சானல் பார்ப்பது எல்லாம் அவர்கள் இஷ்டம். சிலர் வேலைக்கும் போய் வருவார்கள். மருந்து, டாக்டர், சர்க்கரை டெஸ்ட் எல்லாம் வெளியிலிருந்து தேடி வரும்.

‘ஹோம் அகெய்ன்’ என்று அதற்குப் பெயர். கேரளாவுக்கும் மகாராஷ்டிராவுக்கும் அது பரவியிருக்கிறது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி நூலில், உலகம் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய முயற்சிகளில் ஒன்றாக இதையும் சேர்த்தார்கள். கீழ்ப்பாக்கத்தை வைத்து ஜோக்கடித்த ஊரிலிருந்தேதான் இதுவும் வந்திருக்கிறது!

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ‘எந்த ஹோமில் சேர்ப்பது?’ என்று மட்டுமே நாம் தேடிக்கொண்டிருக்கிறோம். ‘எந்த வீட்டில், யார் துணையோடு இருப்பார்?’ என்று கேட்டுப் பார்த்தால் வேறு வழிகள் தெரியும்.

அம்மா இருக்கும்போதே ஐந்து வேலைகள்

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் பஸ் ஏறிப் போனதும் திண்ணையில் அண்ணனும் நீங்களும் மட்டும் உட்கார்ந்திருப்பீர்களே... அன்றைக்குத் தேட ஆரம்பித்தால் நாலாவது போன்காரர்தான் கிடைப்பார். எல்லாவற்றையும் அம்மா திடமாக இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

ஒன்று, அட்டை. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. மனநோயும் அதில் ஒன்று. பாதிப்பு 40 சதவிகிதமோ அதற்கு மேலோ என்று டாக்டர்கள் சான்று கொடுத்தால் பல சலுகைகளுக்குக் கதவு திறக்கும். ‘அட்டை வாங்கினா ஊருக்கே தெரிஞ்சுடுமே’ என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர். ஊருக்கு ஏற்கெனவே தெரியும் ஸார்! அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

இரண்டு, வருமானம். மத்திய அரசு, ரயில்வே ஊழியர்களின் பிள்ளைகளில் தானாகச் சம்பாதிக்க முடியாத அளவுக்கு மனநோயோ ஊனமோ உள்ளவருக்கு, பெற்றோருக்குப் பிறகு குடும்ப பென்ஷன் உண்டு. அதற்கு வயது வரம்பு கிடையாது. நம் நண்பரின் அம்மாவுக்கு இந்த விஷயமே தெரியாது! தனியார் கம்பெனி ஊழியர்களும் பி.எஃப். ஆபீஸில் விசாரியுங்கள். 1995-ம் வருஷத்து ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினர் இறந்துவிட்டால், முழுமையாகவும் நிரந்தரமாகவும் ஊனமுற்ற பிள்ளைக்கு வயதைப் பார்க்காமல் பென்ஷன் உண்டு. தொகை பெரிதல்ல, ஆனால், மாதாமாதம் வரும். பெற்றோர் இருக்கும்போதே சான்றிதழோடு பெயரைப் பதிவு செய்துவிட்டால் பின்னால் நாய் மாதிரி அலைய வேண்டாம்.

மூன்று, சொத்தும் பேப்பரும். ‘வீட்டை மூத்தவன் பேர்ல எழுதிட்டேன், கவலை விட்டுது’ என்பார் அப்பா. கவலை அங்கேதான் ஆரம்பம். கையெழுத்து வாங்க எத்தனை பேர் வருவார்கள் தெரியுமா? நம்பிக்கையானவர்களை டிரஸ்டிகளாகப் போட்டு, அவர் செலவுக்கென்று தனி டிரஸ்ட் ஏற்படுத்த வழி இருக்கிறது. நல்ல வக்கீலைக் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: 1999-ம் வருஷத்து நேஷனல் டிரஸ்ட் சட்டம் ஆட்டிஸம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குத்தான். மனநோய்க்கு மட்டும் என்று போனால் அந்தக் கவுன்ட்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

நாலு, ஒரு ஆள். 2017 சட்டப்படி அவர் தன் சார்பில் பேச ஒரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ளலாம். எனக்கு உடம்பு மோசமாகும்போது இப்படி வைத்தியம் செய்யுங்கள், இப்படிச் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம். அவர் தெளிவாக இருக்கும் நாளில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. அம்மாவின் தலைக்குள் இருக்கும் சமாசாரங்களையும் ஒரு நோட்டுக்கு மாற்றுங்கள். எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, தூக்கம் குறைந்தால் எத்தனை நாளில் நோய் திரும்பும், கோபம் வந்தால் எந்தப் பேச்சு சமாதானப்படுத்தும்... இதெல்லாம் எந்த டாக்டர் ஃபைலிலும் இருக்காது.

ஐந்து, உடம்பு. எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, பல், கால். காலண்டரில் குறித்துவைத்துச் சோதியுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், புண் ஆறினால், அவரை ஏற்றுக்கொள்ளும் இடங்களின் எண்ணிக்கை கூடுகிறது. நண்பருக்கு மூன்றாவது போன் கற்றுக்கொடுத்த பாடம் இது.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. உடல் நோய்க்குக் கொடுப்பது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது சட்டம். ஆனால், ஆபீஸ் குரூப் பாலிஸிகள் பெரும்பாலானவற்றில் அண்ணன், அக்கா சேர மாட்டார்கள். சேர்ந்தாலும் ஆஸ்பத்திரிச் செலவுதான் கிடைக்கும். காலமெல்லாம் ஹோமில் தங்குகிற செலவு கிடைக்காது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஹோமைப் பார்க்கப் போகிறீர்களா?

எல்லோராலும் வீடு அமைத்துவிட முடியாது. நல்ல இல்லங்களும் இருக்கின்றன. போகும்போது இவற்றைப் பாருங்கள்:

* மாநில மனநல ஆணையத்தின் பதிவோ, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பதிவோ இருக்கிறதா? சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். தேதியையும் பாருங்கள்.

* சொல்லாமல் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போய் நில்லுங்கள். உள்ளே விடத் தயங்கினால் அப்படியே பஸ் ஏறிவிடுங்கள்.

* ராத்திரியில் யார் இருக்கிறார்கள்? இன்சுலின் யார் போடுவார்கள்? நெஞ்சு வலித்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி?

* அறைக்கு வெளியில் தாழ்ப்பாள் இருக்கிறதா? இருந்தால் ஏன்?

* அவர் நினைத்தால் வீட்டுக்குப் போன் பேச முடியுமா?

* அங்கே இருப்பவர்கள் முகத்தைப் பாருங்கள். உங்களோடு பேச வருகிறார்களா, சுவர் பக்கம் ஒதுங்குகிறார்களா?

யாரும் கேட்காத கேள்வி

நாலு போன், பத்து இல்லம், மூன்று வக்கீல் என்று அலைந்த நண்பர் ஒரு விஷயத்தை மறந்தே போனார். அண்ணனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை! ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டார்.

‘‘அண்ணா, அம்மாவுக்கு வயசாயிடுச்சு. நீ எங்கே, எப்படி இருக்கணும்னு ஆசைப்படறே?’’

அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

‘‘ரோடு பார்த்த மாதிரி ஒரு ஜன்னல் வேணும்டா. காபி எத்தனை மணிக்குன்னு நான் சொல்லணும். அப்புறம்... உன் வீட்டுல வேணாம். உன் பொண்டாட்டி பயப்படறா. எனக்கே அது கஷ்டமா இருக்கு.’’

எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது! இத்தனை நாள் வீட்டில் எல்லோரும் அவர் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு கியூவில் பழக்கமான இரண்டு குடும்பங்களோடு நண்பர் பேசினார். அவர்கள் வீட்டிலும் இதே கதை. மூன்று குடும்பமும் சேர்ந்து, அம்மா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு தரைத்தளப் போர்ஷன் பார்த்தார்கள். டாக்டரிடமும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் யோசனை கேட்டுக்கொண்டார்கள். வீட்டுக்காரரிடம் மறைக்காமல் விஷயத்தைச் சொன்னார்கள்.

‘‘மூணு பேச்சிலரா... தண்ணி கிண்ணி அடிப்பாங்களா?’’ என்றார் வீட்டுக்காரர்.

‘‘இல்லை ஸார். மாத்திரை மட்டும்தான்!’’ என்றாராம் நண்பர். ஏற்கெனவே ஐந்து வீடுகளில் ‘இல்லை’ வாங்கிய அலுப்பில் வந்த பதில். அவர் சிரித்துவிட்டார். வீடு கிடைத்தது.

நர்ஸிங் ஹோமில் வார்டு பாயாக இருந்த ஒருவர் துணைக்கு இருக்கிறார். ஒரு நர்ஸ் காலையிலும் மாலையிலும் வந்து இன்சுலின் போட்டுவிட்டுப் போகிறார். செலவு மூன்றாகப் பிரிகிறது. அண்ணன் இப்போதைக்கு வாரத்தில் நாலு நாள் அங்கே, மூன்று நாள் அம்மாவிடம். ஒரேயடியாகப் பிரித்து நட்டால் செடியும் வாடும் இல்லையா? கால் புண் ஆறிவிட்டது. நடுவில் ஒருமுறை ராத்திரித் தூக்கம் கெட்டு, டாக்டர் மருந்தை மாற்ற வேண்டியிருந்தது. சமாளித்தார்கள். பிரச்னை தீர்ந்துவிட்டது என்று நண்பர் சொல்லவில்லை. ‘‘இப்போ நான் ராத்திரி தூங்கறேன்’’ என்றார். அவ்வளவுதான்.

தம்பிகளுக்கு ஒரு விஷயம்...

கல்யாணப் பேச்சு வரும்போது அண்ணனைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பெண் பார்க்கப் போகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. ‘சொன்னா பொண்ணு கிடைக்காது’ என்கிற பயம் நியாயமானதுதான். ஆனால், மறைத்துக் கட்டினால் கல்யாணத்துக்கு மறுமாதம் ஒரே வீட்டில் இரண்டு பேர் அழுவார்கள். முதலிலேயே சொல்லுங்கள். ‘அவருக்கு இப்படி இருக்கு, இதுக்கு நான் இந்த ஏற்பாடு வெச்சிருக்கேன்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏற்பாட்டோடு வருகிற மாப்பிள்ளை மேல் மரியாதை வரும். சில பேர் விலகிப் போகலாம், போகட்டும்.

அக்கா, தங்கைகளையும் கூட்டி உட்காருங்கள். ‘நீ பார்த்துப்பேன்னு நினைச்சேன்’ என்கிற வசனம் நம் குடும்பங்களில் பல உறவுகளை வெட்டியிருக்கிறது. யார் பணம், யார் நேரம், யார் கையெழுத்து என்று பேப்பரில் எழுதிக்கொண்டால் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று புரியவில்லையா? மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே அட்டைக்கான சான்றிதழைப் பற்றிக் கேளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பார்ப்பதை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்காருங்கள். மாத்திரைப் பெயரில் ஆரம்பித்து அவள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். பாதியில் அண்ணன் எட்டிப் பார்த்து ‘‘என்னடா எழுதறே?’’ என்று கேட்டால், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் பாதி விஷயம் அவருக்குத்தான் தெரியும்!